மௌனம் சம்மதம் அல்ல - கட்டடங்கள் கம்பியில்லாமல் பேசக் கற்ற கதை

பி.காம். படிக்கிற பையனுக்கு ரேடியோ அலையோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என்னை இந்தப் பக்கம் இழுத்துவிட்டது பாடப் புத்தகம் இல்லை, என் மாமா. கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

மாமா கோவையில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறார். ஏசி, லைட், மோட்டார், லிஃப்ட்... எது நின்றாலும் முதல் போன் அவருக்குத்தான். அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு மீட்டிங் ரூம். தினமும் மதியம் ஒரு மணியைத் தாண்டினால் அங்கே ஏசி தானாக நின்றுவிடும். உள்ளே பத்துப் பேர் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு மணி வாக்கில் அதுவாகவே ஓட ஆரம்பிக்கும். ஒரு வாரம் பார்த்துவிட்டு மேலிடத்துக்குப் புகார் போனது. "மெயின்டனன்ஸ் ஆள் சாப்பிடப் போகும்போது ஆஃப் பண்ணிட்டுப் போயிடறார்."

மாமாவிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். அரை நாள் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இதுதான்: "சுவிட்சே இல்லாத ஏசிய நான் எப்படிக் கண்ணு நிறுத்தறது?"

அப்புறம் ஏசி ஆட்டோமேஷன் போட்டுக்கொடுத்த கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கூரையில் ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. அறையில் ஆள் நடமாட்டம் இருந்தால் "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று கம்பியில்லாமல் ஒரு பெட்டிக்குச் செய்தி அனுப்பும். அந்தப் பெட்டி பேன்ட்ரி சுவரை ஒட்டி மாட்டப்பட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மைக்ரோவேவ் அவன். சாப்பாட்டு நேரத்தில் வரிசையில் நின்று எல்லோரும் டப்பாவைச் சூடு பண்ணுகிறார்கள். அவன் ஓடுகிற வரைக்கும் சென்சார் கத்துவது பெட்டியின் காதில் விழவில்லை. சில நிமிடம் செய்தி வராததும் "ஆள் இல்லை போல" என்று பெட்டியே முடிவு பண்ணி ஏசியை நிறுத்திவிட்டது! அவர் பெட்டியைக் கழற்றித் தள்ளி மாட்டி, சேனலையும் மாற்றிவிட்டுப் போனார். பிரச்சினை தீர்ந்தது. பிடித்த அரை நாள் சம்பளம் மட்டும் திரும்பி வரவில்லை.

எனக்கு உறுத்தியது மைக்ரோவேவ் அல்ல. "செய்தி வரவில்லை" என்பதை "ஆள் இல்லை" என்று அந்தப் பெட்டி எடுத்துக்கொண்டதுதான். எங்கள் அக்கவுண்டன்சி சார் முதல் வருடமே சொல்லித் தந்தது: லெட்ஜரில் வெற்றுக் கட்டமும் பூஜ்ஜியமும் ஒன்றல்ல. பூஜ்ஜியம் என்றால் யாரோ பார்த்து, ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். வெற்றுக் கட்டம் என்றால் யாரும் பார்க்கவே இல்லை. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரிப்பட்டு வரலாம். கணக்குக்கு வராது, கட்டடத்துக்கும் வராது.

இதைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனால், கட்டடக் கருவிகளின் வரலாறே மௌனத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்கிற போராட்டமாகத்தான் தெரிகிறது. வாருங்கள், ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

மணி அடித்த வாத்தியார்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் என்று ஓர் ஊர். அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். குளிர் தேசம் அல்லவா? அடித்தளத்தில் கொதிகலன் எரியும், அந்தச் சூடு வகுப்பறைகளுக்கு வரும். எந்த அறை சூடாக இருக்கிறது, எது குளிர்கிறது என்று பார்க்க ஒரு பணியாளர் அறை அறையாக ஏறி இறங்குவார். பாடம் நடுவில் கதவைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, கீழே போய்ச் சூடு வரும் வழியைத் திறப்பார் அல்லது மூடுவார். ஜான்சனுக்கு இது தொந்தரவாக இருந்தது. அறையின் வெப்பம் மாறினால் கீழே கொதிகலன் அறையில் மணி அடிக்கிற மாதிரி ஒரு மின்கருவி செய்து, 1883ல் காப்புரிமை வாங்கினார். 1885ல் மில்வாக்கியில் கம்பெனி ஆரம்பித்தார். இன்றைக்கு ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்று உலகம் முழுக்கத் தெரிகிற நிறுவனத்தின் தொடக்கம் அதுதான்.

கவனியுங்கள், அந்த முதல் கருவி ஏசியையோ ஹீட்டரையோ தானாக இயக்கவில்லை. என் மாமா மாதிரி ஒருவருக்கு மணி அடித்தது, அவ்வளவுதான். முடிவு எடுத்தது மனிதர்.

அதற்குப் பிறகு பல காலம் கட்டடங்களில் செய்தி போனது காற்றுக் குழாயில். மெல்லிய குழாயில் அழுத்தக் காற்று. சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு என்றால் குறைந்த அளவு, 15 பவுண்டு என்றால் அதிக அளவு. பிறகு மின்கம்பி வந்தது. தொழிற்சாலைகளிலும் பெரிய கட்டடங்களிலும் 4 மில்லி ஆம்பியர் என்றால் குறைந்த அளவு, 20 என்றால் அதிக அளவு என்கிற முறை பரவியது.

ஏன் 0லிருந்து ஆரம்பிக்காமல் 4லிருந்து? இங்கேதான் நான் எழுந்து நின்று கைதட்டினேன் :-) சென்சார் "ஒன்றும் இல்லை" என்று சொல்லவும் 4 மில்லி ஆம்பியர் அனுப்பியே ஆகவேண்டும். கம்பியில் 0 வந்தால் அது செய்தியே அல்ல. கம்பி அறுந்துவிட்டது, போய்ப் பார் என்று அர்த்தம். எங்கள் அக்கவுண்டன்சி சார் சொன்ன அதே பாடம்!

ஆக, கம்பிக்காரர்கள் மௌனத்தை எப்போதோ புரிந்துகொண்டார்கள். கம்பியை எடுத்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

கம்பியை ஏன் எடுத்தார்கள்?

காமர்ஸ் மாணவனாக இதற்கு எனக்கு உடனே பதில் தெரியும்: செலவு. சென்சார் விலை கொஞ்சம்தான். அதற்குக் கம்பி இழுக்க, சுவரைக் குடைய, பைப் பதிக்க, பூசி வெள்ளையடிக்க ஆகிற கூலிதான் அதிகம். புதுக் கட்டடம் என்றால் கட்டும்போதே போட்டுவிடலாம். ஓடிக்கொண்டிருக்கிற ஆஸ்பத்திரியிலோ பழைய கல் கட்டடத்திலோ போய்ச் சுவரை உடைக்க முடியுமா?

முதல் முயற்சி தந்திரமானது. புதுக் கம்பி வேண்டாம், ஏற்கெனவே இருக்கிற கரண்ட் கம்பியிலேயே செய்தி அனுப்புவோம் என்றார்கள். 1975ல் ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் ஊரில் இருந்த பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய எக்ஸ்-10 முறை அது. 1978ல் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. மாறுமின்சாரம் பூஜ்ஜியத்தைக் கடக்கிற அந்த நொடித்துளியில் 120 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞையைச் செருகுவார்கள். விளக்கை அணை, விளக்கைப் போடு என்கிற மாதிரி சின்னக் கட்டளைகள்.

இதில் சிக்கல் என்ன தெரியுமா? ஆரம்பகால எக்ஸ்-10 கருவிகளுக்கு வாய் உண்டு, காது கிடையாது. கட்டளையை இரண்டு முறை சொல்லும், அவ்வளவுதான். விளக்கு எரிந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மின்கம்பியில் இரைச்சல் இருந்தால் செய்தி தொலையும். சில நேரம் யாரும் சொல்லாமலே விளக்கு எரியும் (பேய் வீடு என்று பயந்தவர்கள்கூட இருந்திருக்கலாம்!). சொல்வது மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும்.

ஹவாய் தீவு சொன்ன பதில்

கேட்பது எப்படி என்பதற்கான பதில் கட்டடங்களுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1971ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனும் அவரது குழுவும் தீவுகளில் இருந்த முனையங்களை மையக் கணினியோடு ரேடியோவில் இணைத்தார்கள். அலோகாநெட் என்று பெயர். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. யாருக்குச் செய்தி இருக்கிறதோ அவர் அனுப்பிவிட வேண்டியது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதிக் குழம்பிவிடும். அதைத் தடுக்க அவர்கள் முயலவே இல்லை!

அதற்குப் பதிலாக, செய்தி சரியாக வந்தால் மையக் கணினி "வந்தது" என்று பதில் அனுப்பும். பதில் வராவிட்டால் செய்தி தொலைந்தது என்று எடுத்துக்கொண்டு திரும்ப அனுப்ப வேண்டும். எப்போது? மோதிய இருவரும் ஒரே நேரத்தில் திரும்ப அனுப்பினால் மறுபடி மோதுவார்கள். அதனால் ஒவ்வொருவரும் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி வெவ்வேறு நேரம் காத்திருந்து அனுப்ப வேண்டும். நம்ம ஊர்ச் சந்தில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் ஒரே பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே... ஒருவர் சட்டென்று நின்றால் தீர்ந்துவிடும் அல்லவா? அதேதான்.

பதிவுத் தபாலோடு போன ஒப்புகை அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டை கையெழுத்தோடு திரும்பி வராத வரைக்கும் கடிதம் சேர்ந்ததாக எண்ணக்கூடாது. அனுப்பியவருக்கு மௌனம் என்றால் "சேரவில்லை". அலோகாநெட் தந்த பாடம் இது.

ஆனால் விலை உண்டு. இப்படிக் கட்டுப்பாடில்லாமல் அனுப்பினால் அலைவரிசையின் மொத்தத் திறனில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும் என்று கணக்கு சொன்னது. மீதி மோதலிலும் காத்திருப்பிலும் போய்விடும்.

குப்பை அலைவரிசையில் குடியேற்றம்

1985ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் மூன்று அலைவரிசைப் பட்டைகளில் உரிமம் இல்லாமலே பரவல் அலைமுறைக் கருவிகளை இயக்க அனுமதித்தது. 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் பகுதிகள் அவை. ஏன் அவற்றைத் திறந்துவிட்டார்கள்? வேறு யாருக்கும் பெரிதாகத் தேவைப்படாத இடம். ஏற்கெனவே மைக்ரோவேவ் அவன் மாதிரி தொழில், மருத்துவக் கருவிகள் அங்கே சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. மைக்ரோவேவ் அவன் வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸ் வாக்கில். அதாவது மாமாவின் அரை நாள் சம்பளத்துக்கு 1985லேயே விதை போட்டாகிவிட்டது!

1997ல் வைஃபையின் முதல் தரம் இந்தப் பட்டையில் வந்தது. 2003ல் சின்னக் கருவிகளுக்கென்றே 802.15.4 என்கிற தரம் வந்தது. பேட்டரியில் வருடக்கணக்கில் ஓட வேண்டிய சென்சார்களுக்கானது. வேகம் நொடிக்கு 250 கிலோபிட்தான். ஒரு பொட்டலத்தில் அதிகபட்சம் 127 பைட். இந்தப் பதிவின் ஒரு வரிகூட அதில் முழுசாக அடங்குமா என்பது சந்தேகமே :-) அனுப்பும் சக்தி வழக்கமாக 1 மில்லிவாட் அளவு. பக்கத்தில் இருக்கிற வைஃபை பெட்டியோ 100 மில்லிவாட் வரை போகும்.

இந்தத் தரத்தைப் படித்தால் முந்தைய பாடங்கள் எல்லாம் வரிசையாக உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுக்க வேண்டும். பேசினால் சீட்டுக் குலுக்கிக் காத்திருக்க வேண்டும். ஒப்புகை கேட்டு வாங்கலாம். வராவிட்டால் வழக்கமாக மூன்று முறை வரை திரும்ப அனுப்பலாம். நான்கு பிட் தகவலை 32 துண்டுகள் கொண்ட ஒரு குறியாக நீட்டி அனுப்புவதால் இடையில் சில துண்டுகள் கெட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். எல்லாம் சரிதான்...

பிறகு ஏன் மாமா வீட்டு விவகாரம்? 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வழக்கமான மைக்ரோவேவ் அவன் தொடர்ந்து கத்துவதில்லை. 20 மில்லி நொடிச் சுற்றில் ஏறக்குறைய பாதி நேரம் கத்தும், பாதி நேரம் சும்மா இருக்கும். இந்தத் தரப்படி மிகப் பெரிய பொட்டலமே 4 மில்லி நொடி சொச்சத்தில் போய்விடும். ஆனால் மூன்று மறுமுயற்சிகளும் அடுத்தடுத்துச் சில மில்லி நொடியில் நடப்பதால் எல்லாமே அவன் கத்துகிற பாதியிலேயே மாட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் பொறுத்து முயன்றிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கும். எத்தனை தடவை முயல்கிறோம் என்பது மட்டுமல்ல, எப்போது முயல்கிறோம் என்பதும் முக்கியம்.

கைமாற்றிக் கைமாற்றி

1 மில்லிவாட் சத்தம் எவ்வளவு தூரம் போகும்? கான்கிரீட், இரும்பு, லிஃப்ட் கதவு எல்லாம் தடுக்கும். மனித உடம்பில் இருக்கும் தண்ணீரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும். காலியான ஹாலில் சோதித்துப் பார்த்து "ஓகே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், மறுநாள் இருநூறு பேர் வந்து உட்கார்ந்ததும் கதை மாறிவிடும்!

அதனால் வந்த யோசனைதான் மெஷ் எனும் வலை. ஒரு கருவி பக்கத்துக் கருவியிடம் கொடுக்கும், அது அடுத்ததிடம். கிராமத்தில் தீப்பிடித்தால் வாளியைக் கைமாற்றுவார்களே, அப்படி. 2002ல் தொடங்கிய ஜிக்பீ கூட்டணி 2004 இறுதியில் தன் முதல் விதிமுறையை முடித்தது. டென்மார்க்கின் ஜென்சிஸ் நிறுவனம் இசட்-வேவ் என்று வேறொரு பாதையில் போனது. ஜிக்பீயின் ஆரம்பப் பதிப்புகளில் முகவரிகள் குடும்ப மரம் மாதிரி அப்பா, பிள்ளை, பேரன் என்று பகிரப்பட்டன. நடுவில் ஒரு "அப்பா" கருவி செத்துப்போனால் கீழே இருப்பவை எல்லாம் அனாதை. 2007ல் வந்த ஜிக்பீ ப்ரோ அந்த மரத்தைக் கைவிட்டது. முழு வலைக்கு மாறியதோடு, இரைச்சல் அதிகமானால் வலை முழுக்க வேறு சேனலுக்கு மாறும் வசதியையும் சேர்த்தது.

எந்த வழியாகக் கொடுப்பது என்பதில் இன்னொரு பாடம். ஆரம்பத்தில் பலரும் குறைந்த கைமாற்றில் போவதே நல்லது என்று நினைத்தார்கள். யோசித்தால் இது ஏமாற்று. கைமாற்று குறைய வேண்டும் என்றால் ஒவ்வொரு தாவலும் நீளமாக இருக்க வேண்டும், நீளமான தாவல் என்றால் பலவீனமான தொடர்பு. 2003ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வேறு அளவுகோல் கொடுத்தார்கள்: இந்த வழியில் செய்தி போய்ச்சேர மொத்தம் எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும், தொலைந்துபோகும் முயற்சிகளையும் சேர்த்து? அந்த எண் குறைந்த வழியே நல்ல வழி. எங்கள் பாஷையில் சொன்னால் வாங்கிய விலையைப் பார்க்காதே, சேதாரத்தையும் சேர்த்து அடக்க விலையைப் பார்! இந்த யோசனை பிறகு சென்சார் வலைகளுக்கான வழிமுறைகளிலும் நுழைந்தது.

காகிதத்தில் நன்றாக இருப்பது களத்தில் கவிழும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் உருளைக்கிழங்கு வயலில் சென்சார் வலை போட்டுப் படாத பாடு பட்டார்கள். எது எது தப்பாகப் போனது என்பதை 2006ல் வெளிப்படையாக ஒரு கட்டுரையாகவே எழுதினார்கள். தலைப்பு: மர்ஃபிக்கு உருளைக்கிழங்கு பிடிக்கும்! (கெடக்கூடியது எல்லாம் கெட்டே தீரும் என்கிற மர்ஃபி விதிதான்.) தோல்வியை மறைக்காமல் எழுதிய அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

வைஃபை வீட்டுக்காரர், ஜிக்பீ குடித்தனக்காரர்

2.4 கிகாஹெர்ட்ஸில் ஜிக்பீக்கு 11லிருந்து 26 வரை 16 சேனல்கள். வைஃபையின் வழக்கமான 1, 6, 11 சேனல்களை அதன் மேல் பரப்பினால் பெரும்பாலானவை மூழ்கிவிடும். 15, 20, 25, 26 மட்டும் இடுக்கில் தப்பும். ஒரு கட்டடத்தில் வைஃபையையும் சென்சாரையும் வெவ்வேறு ஆட்கள் போடுவார்கள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். இந்த நாலு எண்ணைத் தெரிந்து வைத்திருந்தாலே பாதித் தலைவலி குறையும்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வகமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் 2010ல் வெளியிட்ட ஆய்வில் சுவாரசியமான ஒன்று இருக்கிறது. வைஃபை பெட்டி ஜிக்பீக்கு மிக அருகில் இருந்தால், ஜிக்பீ பொட்டலத்தின் தலைப்பகுதிதான் பெரும்பாலும் கெடுகிறது. ஏனென்றால் அருகில் இருப்பதால் வைஃபைக்கு ஜிக்பீயின் குரல் கேட்டு, அடுத்த முறை அது ஒதுங்கிவிடுகிறது, மீதிப் பொட்டலம் பிழைக்கிறது. தூரத்தில் இருந்தால் அந்த மெல்லிய குரல் வைஃபைக்குக் கேட்பதே இல்லை. அதனால் பொட்டலத்தில் எங்கு வேண்டுமானாலும் அடி விழுகிறது. ஒரே சண்டை, இரண்டு விதக் காயம். அதனால் மருந்தும் இரண்டு: தலைப்பகுதியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை சேர்த்து அனுப்புவது, உடம்புப் பகுதியில் பிழைதிருத்தும் குறியைச் சேர்ப்பது. எப்படித் தொலைந்தது என்று தெரியாமல் திரும்பத் திரும்ப அனுப்புவது வீண் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

நடிகையும் பியானோவும்

ஒரே சேனலில் உட்கார்ந்து அடி வாங்குவதைவிடத் தாவிக்கொண்டே இருந்தால்? இந்த யோசனைக்குப் பழைய வரலாறு உண்டு. ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942ல் ஒரு காப்புரிமை வாங்கினார்கள். நீர்மூழ்கிக் குண்டை ரேடியோவில் இயக்கும்போது எதிரி குறுக்கிடாமல் இருக்க, அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே தாளத்தில் அலைவரிசை மாற்றிக்கொண்டே போக வேண்டும். பியானோவின் கட்டைகள் 88. அவர்கள் சொன்ன அலைவரிசைகளும் 88!

கலிஃபோர்னியாவில் கிரிஸ் பிஸ்டர் என்ற பேராசிரியர் தொடங்கிய டஸ்ட் நெட்வொர்க்ஸ், தாவுவதோடு நேர அட்டவணையையும் சேர்த்தது. வலையில் உள்ள எல்லாக் கடிகாரமும் ஒத்துப்போகும். யார், யாரிடம், எந்த நொடித்துளியில், எந்தச் சேனலில் பேசுவது என்று முன்பே முடிவாகியிருக்கும். முதல் முயற்சி தோற்றால் அடுத்தது வேறு நேரத்தில், வேறு சேனலில், தேவைப்பட்டால் வேறு பக்கத்துக் கருவி வழியாக. மைக்ரோவேவ் அவனுக்கு இது சரியான பதில் அல்லவா? இன்னொரு லாபமும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சில இடங்களில் சமிக்ஞை செத்துவிடும், ஆனால் சேனல் மாறினால் அந்தச் செத்த இடமும் மாறும். இந்த வகை முறை 2007ல் தொழிற்சாலைகளுக்கான வயர்லெஸ் ஹார்ட் தரத்திலும், 2012ல் 802.15.4e திருத்தத்திலும் இடம்பிடித்தது.

பேசாமல் இருப்பதும் பேச்சுதான்

இதுவரை சொன்னது செய்தி தொலைந்த கதை. செய்தி அதிகமானாலும் வலை சாகும். 2004ல் பெர்க்லி ஆய்வாளர்கள் டிரிக்கிள் என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். நான் சொல்ல நினைத்ததைப் பக்கத்தில் இருப்பவர்களே சொல்லிவிட்டால் நான் சும்மா இருப்பேன். யாராவது பழைய தகவலைச் சொன்னால் உடனே வாய் திறப்பேன். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பேச்சின் இடைவெளி கூடிக்கொண்டே போகும். 2011ல் இது இணையத் தரமாகவே பதிவானது. இங்கே மௌனத்துக்கு அர்த்தம் உண்டு. ஏனென்றால் அந்த அர்த்தத்தை எல்லோரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கோடியில் ஜெர்மனியின் என்ஓஷன். சீமென்ஸிலிருந்து 2001ல் பிரிந்து வந்த நிறுவனம். அவர்களுடைய சுவிட்சில் பேட்டரியே கிடையாது, நாம் அழுத்துகிற விசையிலிருந்தே மின்சாரம். ஒப்புகைக்குக் காத்திருக்க அதனிடம் சக்தி இருக்காது. அதனால் ஒரே செய்தியைச் சில பத்து மில்லி நொடிகளுக்குள், ஒழுங்கற்ற இடைவெளியில் மூன்று முறை சொல்லிவிட்டு அடங்கிவிடும். எக்ஸ்-10 இரண்டு முறை சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், மோதல் நடக்கும் என்று ஒப்புக்கொண்டு நேரத்தைக் கலைத்து வைத்திருக்கிறார்கள்.

2014ல் த்ரெட் கூட்டணி வந்தது. தலைமைக் கருவி செத்தால் இன்னொன்று தானாகப் பொறுப்பேற்கும், வெளியே போகும் வாசலும் ஒன்றுக்கு மேல் வைக்கலாம். 2022 அக்டோபரில் அதன் மேலும் வைஃபை மேலும் ஓடும் மேட்டர் தரம் வெளியானது. இந்தியாவில் 2005லேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கும் 865-867 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கும் உரிமக் கட்டாயம் நீங்கிவிட்டது. நம் நாட்டுக்கான இசட்-வேவ் கருவிகள் அந்த இரண்டாவது பட்டையில்தான் ஓடுகின்றன. மைக்ரோவேவ் அவனும் வைஃபையும் இல்லாத தெரு அது.

கடைசியாக...

இவ்வளவையும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான். நம்பகத்தன்மை என்றால் செய்தி தொலையாமல் பார்த்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஐம்பது வருடமாக வெற்றி பெற்ற ஒவ்வொரு யோசனையும் "தொலையத்தான் செய்யும்" என்று ஒப்புக்கொண்ட இடத்திலிருந்துதான் கிளம்பியிருக்கிறது.

மாமாவின் கட்டடத்தில் வலை அவ்வளவு மோசமில்லை. அதற்கு மேலே எழுதப்பட்ட முடிவுதான் மோசம். சென்சார் "ஆள் இல்லை" என்று தனியாகவும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று அவ்வப்போதும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டுமே வராவிட்டால் பெட்டி ஏசியை ஓடியபடியே விட்டுவிட்டு, மெயின்டனன்ஸ் ஆளுக்கு "சென்சார் பேசவில்லை, வந்து பார்" என்று ஒரு மணி அடித்திருக்க வேண்டும். 4 மில்லி ஆம்பியர் காலத்து ஞானம் அது. 1883ல் ஜான்சன் செய்ததும் அந்த மணியைத்தான்.

கூடவே நேரத்தோடு ஒரு பதிவும் எழுதி வைத்திருந்தால்? "1.07க்குத் தொடர்பு போனது, 1.52க்கு வந்தது" என்று ஒரு வரி போதும். ஒரு வாரப் பதிவைப் பார்த்தாலே சாப்பாட்டு நேரம் என்று யாருக்கும் விளங்கியிருக்கும், விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்திருக்காது. ஆடிட்டிங் படிக்கிறவனாக எனக்கு இதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது. கருவி தன் தவறைத் தானே எழுதி வைக்காவிட்டால், அந்தத் தவறு கடைசியில் கட்டடத்திலேயே குறைந்த சம்பளம் வாங்குபவரின் கணக்கில்தான் பற்று எழுதப்படும்.

மாமாவிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் செரி கண்ணு, இப்ப அந்தப் பொட்டிய எங்க மாட்டியிருக்காங்க தெரியுமா? லிஃப்ட் ரூம் பக்கத்துல" என்றார்.

அடுத்த பஞ்சாயத்து எப்போது என்று காத்திருக்கிறேன் :-)

உங்கள் அலுவலகத்திலோ காலேஜிலோ இந்த மாதிரி "தானாக" நிற்கிற, எரிகிற சமாச்சாரம் ஏதாவது உண்டா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். எந்த நேரத்தில் நடக்கிறது என்பதையும் மறக்காமல் குறித்து எழுதுங்கள். அதில்தான் பாதி விடை இருக்கும்.